வீட்டு இணையம் ஏன் மந்தமாகிறது? வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை வீட்டு இணையத்தின் வேகக் குறைவைப் பற்றியவை. ஒத்த கேள்விகளை ஒன்றாக்கிச் சுருக்கித் தருகிறோம். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களும் "எதை வாங்கலாம்?" என்றே முடிகின்றன. வேகம் எந்த இடத்தில் குறைகிறது என்று தெரிந்த பிறகே அதற்குப் பதில் சொல்ல முடியும் என்பதால், அந்த இடத்தைக் கண்டறியும் வழியையே முதலில் விரிவாக எழுதுகிறேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய்: எங்கள் வீட்டில் சிம் போடும் 4ஜி ரவுட்டர் இருக்கிறது. காலையில் நன்றாக வேலை செய்கிறது. இரவு 7 மணிக்குப் பின் உயர்தரம் படிக்கும் மகளின் இணையவழி வகுப்பு அடிக்கடி நின்றுவிடுகிறது. கடையில் புதிய ரவுட்டர் வாங்கச் சொல்கிறார்கள். அயல்வீட்டுத் தம்பி வெளியே பூட்டும் அன்டெனா வாங்கச் சொல்கிறார். எதை வாங்குவது?

அம்மா, இரண்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் மகளின் கைபேசிக்கும் அவருடைய ஆசிரியருக்கும் இடையிலுள்ள வழியை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பாருங்கள். கைபேசியிலிருந்து ரவுட்டர் வரையுள்ள வைஃபை முதலாவது பகுதி. ரவுட்டரிலிருந்து கைபேசிக் கோபுரம் வரையுள்ள 4ஜி அலை இரண்டாவது. கோபுரமும், அங்கிருந்து கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் பாதையும் மூன்றாவது. புதிய ரவுட்டர் பெரும்பாலும் முதலாவது பகுதியைத்தான் திருத்தும். அன்டெனா இரண்டாவதைத் திருத்தும். மூன்றாவதில் குறையிருந்தால், இரண்டையும் வாங்கிப் பூட்டினாலும் இரவு 7 மணிக்கு வகுப்பு நிற்கத்தான் செய்யும்.

காலையில் நன்றாகவும் இரவில் மந்தமாகவும் இருப்பதைப் பார்த்தால் மூன்றாவது பகுதியிலேயே ஐயம் விழுகிறது. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லோரும் பங்கிட்டுக் கொள்கிறார்கள். எல்லா வயல்காரரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் மெல்ல மெல்லத்தான் வரும் என்பது வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இரவில் இன்னொன்றும் நடக்கிறது. வேலைக்கும் பாடசாலைக்கும் போன எல்லோரும் வீடு திரும்பி, அதே ரவுட்டரில் தங்கள் கைபேசிகளை இணைத்துக்கொள்கிறார்கள். நெரிசல் கோபுரத்திலா உங்கள் வீட்டுக்குள்ளேயா என்பதைப் பிரித்தறிய ஓர் எளிய சோதனை போதும்.

மடிக்கணினி ஒன்று இருந்தால் அதை வலைக் கம்பியால் (லேன் கேபிள்) ரவுட்டரின் பின்புறத்தில் நேரடியாக இணையுங்கள். இல்லையென்றால் ஒரு கைபேசியை ரவுட்டருக்கு ஒரு மீற்றர் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாச் சாதனங்களின் வைஃபையையும் நிறுத்திவிட்டு, வேகம் அளக்கும் தளம் ஒன்றில் இறக்க வேகம் (இணையத்திலிருந்து உங்களிடம் வருவது), ஏற்ற வேகம் (உங்களிடமிருந்து இணையத்துக்குப் போவது), பிங் எனப்படும் தாமதம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இதையே விடியற்காலையிலும் நண்பகலிலும் இரவு 8 மணியளவிலும், தொடர்ந்து சில நாட்கள் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் மகள் படிக்கும் அறையிலிருந்தும் ஓர் அளவு எடுங்கள். ரவுட்டருக்கு அருகில் நல்ல வேகமும் மகளின் அறையில் குறைந்த வேகமும் வந்தால் குறை வைஃபையில். இரண்டு இடத்திலும் விடியலில் நன்றாகவும் இரவில் மோசமாகவும் வந்தால் கோபுரத்தில் நெரிசல். எல்லா நேரத்திலும் எல்லா இடத்திலும் மோசமென்றால் சிக்னல் பலவீனமாக இருக்கலாம், அல்லது உங்கள் பக்கேஜின் டேட்டா அளவு முடிந்து சேவை வழங்குநர் வேகத்தைக் குறைத்திருக்கலாம். டேட்டா மீதியைச் செயலியில் முதலில் பார்த்துவிடுங்கள். மாதக் கடைசியில் வரும் மந்தத்துக்கு அதுவே காரணமாக இருப்பதுண்டு.

வைஃபையில்தான் குறை என்று தெரிந்தால் திருத்தம் பெரும்பாலும் இலவசம். மீள்குடியேற்றத்துக்குப் பின் கட்டப்பட்ட நம்முடைய வீடுகளிற் பல சீமெந்துக் கல்லால் ஆனவை. முன்கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் ரவுட்டரை வைத்துவிட்டு, இரண்டு சுவருக்கும் ஓர் இரும்பு அலுமாரிக்கும் அப்பாலுள்ள பின்னறையில் பிள்ளை படித்தால் அலை நலிந்துதான் போய்ச்சேரும். ரவுட்டரை உயரமாகவும் நடுவாகவும் வையுங்கள். அது இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருமானால், 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது ஆனால் சுவரைக் கடந்தால் விரைவில் நலிந்துவிடும் என்பதையும், 2.4 கிகாஹேர்ட்ஸ் மெதுவானது ஆனால் தூரம் செல்லும் என்பதையும் நினைவில் வைத்து, அருகிலுள்ள சாதனத்துக்கு முன்னதையும் தூரத்திலுள்ளதற்குப் பின்னதையும் கொடுங்கள்.

இரண்டாவது பகுதிக்கு வருவோம். ரவுட்டரில் எரியும் கோடுகளை நம்ப வேண்டாம். அவை எதைக் காட்டுகின்றன என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். ரவுட்டரோடு இணைந்த கைபேசியின் உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.8.1 என்ற முகவரியைத் தட்டினால் அதன் உட்பக்கம் திறக்கும். சரியான முகவரியும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். அங்கே ஆர்.எஸ்.ஆர்.பி. (RSRP) என்று ஓர் எண் இருக்கும். அது கோபுரத்திலிருந்து வரும் அலையின் பலம். மறை எண்ணாக இருப்பதால் பூச்சியத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. மறை 80 அல்லது அதைவிட மேல் மிக நல்லது, மறை 100 சமாளிக்கலாம், மறை 110ஐத் தாண்டிக் கீழே போனால் மிகப் பலவீனம். அதே பக்கத்திலுள்ள எஸ்.ஐ.என்.ஆர். (SINR) என்ற எண் அதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. வேண்டிய அலை, வேண்டாத இரைச்சலைவிட எவ்வளவு மேலோங்கி இருக்கிறது என்பதை அது சொல்கிறது. 20க்கு மேல் சிறப்பு, பூச்சியத்துக்குக் கீழே போனால் கோடுகள் நிறைய எரிந்தாலும் வேகம் வராது.

இந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டே ரவுட்டரை வீட்டில் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் எண் நிலைபெறச் சில நிமிடங்கள் பொறுங்கள். கோபுரம் இருக்கும் திசையிலுள்ள யன்னல் பெரும்பாலும் நல்ல இடம். தகரக் கூரையும், வெப்பத்தைத் தடுக்க ஓட்டுக்குக் கீழே விரிக்கும் அலுமினியத் தாளும் அலையைத் திருப்பியனுப்பிவிடும் என்பதால், கூரைக்கு மிக அருகில் ஏற்றிவைப்பதில் பயனிராமற் போகலாம். வன்னி சமதரை. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் மலை இல்லை, மரங்கள்தான் இருக்கின்றன. இலங்கையில் 4ஜிக்குப் பயன்படும் 1800, 2300 மெகாஹேர்ட்ஸ் போன்ற அலைகள் அடர்ந்த இலைகளைக் கடக்கும்போது நலிகின்றன, இலைகள் ஈரமாக இருந்தால் இன்னும் கூடுதலாக நலிகின்றன. ஆகவே ஒரு பாலை மரத்துக்குப் பின்னாலுள்ள யன்னலைவிட, வயல்வெளியைப் பார்த்த யன்னல் நல்ல எண்களைத் தரக்கூடும். ரவுட்டரை அந்த யன்னலுக்கு மாற்றியதால் வைஃபை மகளின் மேசைக்கு எட்டவில்லையென்றால் வலைக் கம்பி ஒன்றை இழுத்துவிடுங்கள். அந்தக் கம்பி 100 மீற்றர் வரை வேகம் குறையாமல் எடுத்துச்செல்லும். நான் பரிந்துரைக்கும் முதற்செலவு இதுதான்.

வெளி அன்டெனா எப்போது பயன்படும்? வீட்டுக்குள் எங்கே வைத்தாலும் ஆர்.எஸ்.ஆர்.பி. மறை 105க்குக் கீழேயே நின்றால் வாங்கலாம். வாங்குமுன் ரவுட்டரில் அன்டெனா பூட்டும் துளைகள் உள்ளனவா, அவை எந்த வகை என்று பாருங்கள். 4ஜி ஒரே நேரத்தில் இரண்டு அலைப்பாதைகளைப் பயன்படுத்துவதால் இரண்டு கம்பி வரும் அன்டெனாவாக இருக்க வேண்டும். கம்பியைக் குட்டையாக வைத்திருங்கள். மெல்லிய கம்பியை நீளமாக இழுத்தால், உயரத்தில் சேர்த்த சிக்னலிற் பெரும்பகுதி கம்பியிலேயே கரைந்துவிடும். 'சிக்னல் பூஸ்டர்' என்று விற்கப்படும் அனுமதியற்ற பெருக்கிகளை மட்டும் தொடவே வேண்டாம். அவை கோபுரத்துக்கு இரைச்சலை அனுப்பி ஊர் முழுவதற்கும் சேவையைக் கெடுக்கின்றன. அனுமதியின்றி வானொலிக் கருவி இயக்குவது சட்டப்படியும் குற்றம்.

கோபுர நெரிசல்தான் என்று அளவுகள் காட்டினால், வேறு சேவை வழங்குநரின் சிம் உள்ள கைபேசி ஒன்றை உறவினரிடம் இரவல் வாங்கி, அதே இரவு 8 மணிக்கு அதே யன்னலருகில் அளந்துபாருங்கள். அது தெளிவாக நன்றாக இருந்தால் மாறலாம். ஆனால் உங்கள் ரவுட்டர் பழைய நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மாறுங்கள்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் வகுப்புகள் குழம்புவதற்கு இதுவே காரணமாக இருப்பதை யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை. ஏற்ற வேகம் இறக்க வேகத்தைவிட மிகக் குறைவு. வீட்டில் ஒருவரின் கைபேசி கோயில் திருவிழாவில் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் கூகுள் போட்டோஸுக்குத் தானாக ஏற்றத் தொடங்கினால் அந்தக் குறுகிய ஏற்றப் பாதை நிரம்பிவிடும். ஒன்றை இறக்குவதற்கும் 'கிடைத்தது' என்ற சிறு மறுமொழிகள் மேலே போகவேண்டியிருப்பதால், ஏற்றப் பாதை நிரம்பினால் இறக்கமும் சேர்ந்தே தடுமாறும். வகுப்பு நேரத்தில் எல்லாக் கைபேசிகளிலும் தானியங்கிக் காப்புப் பிரதியை நிறுத்துங்கள். வட்ஸ்அப் காப்புப் பிரதியைத் தானாக எடுக்க விடாமல் விடியலில் நீங்களே எடுங்கள். மடிக்கணினியின் விண்டோஸ் அமைப்பில் இந்த இணைப்பை அளவிடப்பட்ட இணைப்பாகக் (Metered connection) குறித்துவிட்டால், பெரும்பாலான புதுப்பித்தல்கள் தாமாக இறங்காமல் காத்திருக்கும். மகள் தன்னுடைய வீடியோவை நிறுத்தி ஒலியை மட்டும் வைத்தால் அவருக்குத் தேவைப்படும் ஏற்ற வேகம் செக்கனுக்கு 100 கிலோபிட்டுக்கும் குறைவு. வகுப்பின் பதிவு கிடைக்குமானால் அதை அதிகாலையில் இறக்கி வைக்கலாம்.

வவுனியா நகரிலிருந்து ஒரு வாசகர்: 20 மெகாபிட் வேகம் என்று சொல்லி இணைப்புத் தந்தார்கள். கோப்பு இறக்கும்போது 2 மெகாபைட்டைச் சற்றுத் தாண்டித்தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை, உங்கள் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. சேவை வழங்குநர்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள், கணினி கோப்பை மெகாபைட்டில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். 20ஐ 8ஆல் வகுத்தால் 2.5. முகவரி போன்ற மேலதிகத் தகவல்களும் அதே பாதையிற் செல்வதால் 2.2 அல்லது 2.3 வருவது இயல்பு. யூடியூபில் 480 தர வீடியோவுக்கு ஏறக்குறைய 1 மெகாபிட்டும், 720க்கு 2.5உம், 1080க்கு 5உம் போதும். ஆகவே 20 மெகாபிட் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். பெரிய பக்கேஜுக்கு மாற வேண்டாம்.

ஓமந்தைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி: எங்களுடையது தொலைபேசிக் கம்பி வழியாக வரும் பழைய இணைப்பு. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இணையம் விட்டுவிட்டு வருகிறது. தொலைபேசியைக் காதில் வைத்தால் 'டிக், டிக்' என்று கேட்கிறது. கம்பியை மாற்றச் சொல்லலாமா?

ஐயா, அந்த 'டிக்' ஒலி சீராக, செக்கனுக்கு ஒரு முறையளவில் கேட்கிறதா என்று கவனியுங்கள். ஆமென்றால் முதலில் ஐயப்பட வேண்டியது அருகிலுள்ள யானை வேலியை. மின்சார வேலிக்கு அழுத்தம் கொடுக்கும் கருவி ஏறக்குறைய செக்கனுக்கு ஒரு முறை பல ஆயிரம் வோல்ற்று துடிப்பை அனுப்புகிறது. மழைக்குப் பின் புல்லும் கொடியும் வளர்ந்து வேலிக் கம்பியைத் தொட்டாலும், கம்பியைக் கம்பத்திலிருந்து பிரித்துவைக்கும் காப்பான் உடைந்தாலும் அந்த இடத்தில் சிறு தீப்பொறி பறந்து வானொலி இரைச்சல் எழும். தொலைபேசிக் கம்பி வேலிக்கு இணையாக நெடுந்தூரம் ஓடினால் அந்த இரைச்சலை அது ஏந்திக்கொள்ளும். தொலைபேசிக் கம்பி வழி இணையம் ஏறக்குறைய 2 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள அலைகளையே பயன்படுத்துகிறது, வேலியின் இரைச்சலும் அங்கேதான் விழுகிறது.

இதை உறுதிசெய்ய மின்கலத்தில் ஓடும் சிறிய வானொலிப் பெட்டி ஒன்று போதும். அதை மத்திய அலையில், நிலையம் எதுவும் வராத இடத்தில் வைத்துக்கொண்டு வேலியோரம் நடவுங்கள். 'டிக்' ஒலி எங்கே மிகவும் பலமாகிறதோ அங்கேதான் பொறி பறக்கிறது. வேலி உங்களுடையது என்றால், கருவியை நிறுத்திய பின்பே புல்லை வெட்டிக் காப்பானை மாற்றுங்கள். வேலியின் நிலத்தொடுப்புக் (எர்த்) கோலை வீட்டு மின்சார, தொலைபேசி நிலத்தொடுப்புகளிலிருந்து 10 மீற்றராவது தள்ளி நடுங்கள். வேலி வனஜீவராசிகள் திணைக்களத்தினது என்றால் தொடாமல் அவர்களுக்கு அறிவியுங்கள்.

கேட்கப்படாத ஒன்றையும் இவ்விடத்தில் சொல்லியே ஆகவேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக்குக் கொடுப்பது கொலைக்கு ஒப்பானது. உரிய கருவியின் துடிப்பு ஒரு கணத்தில் முடிந்து யானையையும் மனிதனையும் விலக்கும். நேரடியாகக் கொடுத்த வீட்டு மின்சாரம் தொட்டவரை விடாது. தயவுசெய்து உங்கள் அயலிலும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

'டிக்' ஒலி சீராக இல்லாமல் கரகரவென்று கேட்டால் அது வேறு கதை. பெரும்பாலும் கம்பத்திலோ சுவரிலோ உள்ள ஓர் இணைப்பில் நீர் புகுந்து செம்பு பச்சை பிடித்திருக்கும். வீட்டுக்குள் கம்பி நுழையும் முதற்பெட்டியில் ஒரு சாதாரணத் தொலைபேசியை மட்டும் இணைத்து, ஓர் எண்ணை அழுத்தி அதன் தொடர் ஒலியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அங்கேயும் கரகரத்தால் குறை வெளியே இருக்கிறது, திருத்துவது நிறுவனத்தின் பொறுப்பு. அங்கே அமைதியாக இருந்தால் குறை உங்கள் உட்கம்பியிலோ, தொலைபேசிக்கு முன்னால் பூட்டும் சிறிய வடிகட்டியிலோ இருக்கிறது. ரவுட்டரைப் பல நாட்கள் அதே முதற்பெட்டியில் இணைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

கிளிநொச்சியிலிருந்து இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர்: ரொறன்ரோவிலுள்ள மகனுடன் இரவு 8 மணிக்கு வீடியோ அழைப்பில் பேசுவேன். பேரப்பிள்ளையின் முகம் தெளிவாகத் தெரிவதேயில்லை. வெளிநாடு என்பதால்தானா?

ஐயா, தூரம் தாமதத்தைத் தரும், முகத்தை மங்கலாக்காது. கனடாவுக்குப் போய்வரும் தகவலுக்குக் கால் செக்கனுக்கும் மேல் பிடிப்பதால், நீங்கள் கேட்பதற்கும் அவர் பதிலளிப்பதற்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி இருந்தே தீரும். படம் மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் பக்கத்தின் இரவு நெரிசலாக இருக்கக்கூடும். அதற்கு ஒரு செலவில்லாத வழியுண்டு. கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணி நேரமும், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. நீங்கள் காலை 6 மணிக்கு அழைத்தால் அங்கே முதல்நாள் இரவு எட்டரை அல்லது ஏழரை மணி. பேரப்பிள்ளை உறங்குவதற்கு முன்பான நேரம், உங்கள் கோபுரமும் ஓய்ந்திருக்கும் நேரம். மகனிடம் கேட்டு ஒரு வாரம் மாற்றிப் பாருங்கள். பேசும்போது கைபேசியை ரவுட்டர் உள்ள அறைக்கே எடுத்துச்செல்லுங்கள்.

முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகர்: வெளிநாட்டிலுள்ள அண்ணா ஸ்டார்லிங்க் வாங்கக் காசு அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

செய்மதி வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2025 ஜூலையிலிருந்து இலங்கையில் கிடைக்கிறது. பழைய செய்மதி இணையத்தை மனதில் வைத்து இதை எடைபோட வேண்டாம். பழைய வகைச் செய்மதிகள் ஏறக்குறைய 35,800 கிலோமீற்றர் உயரத்தில் நின்றதால், தகவல் போய்வர அரைச் செக்கன் பிடித்தது. ஸ்டார்லிங்க் செய்மதிகள் 550 கிலோமீற்றர் அளவு உயரத்தில் சுற்றுவதால் தாமதம் மிகக் குறைவு, வகுப்புக்கும் வீடியோ அழைப்புக்கும் தாராளமாகப் பொருந்தும். உங்கள் ஊர்க் கோபுரத்தின் நெரிசலும் இதைத் தொடாது. எனினும் அண்ணாவின் காசு செலவாகுமுன் மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, வானம். வெளியே வைக்கும் செய்மதித் தட்டுக்கு வானத்தின் அகன்ற பகுதி ஒன்று மறைப்பின்றித் தெரியவேண்டும். செய்மதிகள் நகர்ந்துகொண்டே இருப்பதால், வழியில் ஒரு தென்னை நின்றாலும் அதன் பின்னால் செய்மதி போகும் ஒவ்வொரு முறையும் சில செக்கன்கள் இணைப்பு அறும். கோப்பு இறக்குபவருக்கு அது தெரியாது, வகுப்பில் இருப்பவருக்குத் தெரியும். அந்நிறுவனத்தின் செயலியில் கைபேசிக் கமெராவால் வானத்தைச் சுற்றிப் படம்பிடித்து மறைப்பை அறியும் வசதி இருக்கிறது. வாங்குமுன்னரே உங்கள் வளவில் அதைச் செய்யலாம். நிழல்தரும் மரத்தைத் தறித்து இணையம் வாங்க வேண்டாம், வீட்டுக் கூரையில் இடம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, மின்சாரம். 4ஜி ரவுட்டருக்கு 10 வாற்று அளவே போதும் என்பதால் சிறியதொரு மின்கலப் பெட்டியில் அது பல மணி நேரம் ஓடும். செய்மதித் தட்டுக்கு அதைவிடப் பல மடங்கு தேவை. மின்தடையின்போதும் இணையம் வேண்டுமென்றால் மின்கலச் செலவையும் கணக்கிற் சேருங்கள்.

மூன்றாவது, மழை. செய்மதி பயன்படுத்தும் உயர்ந்த அலைகளைக் கனத்த மழை நலிவிக்கும், ஆகவே ஐப்பசி, கார்த்திகைப் பெருமழையில் சிறிது நேரம் அறுபட இடமுண்டு. 4ஜி அலையை மழைத்துளி அவ்வளவாகத் தடுப்பதில்லை. இம்மூன்றும் சரியாக அமைந்து, முதற்கேள்விக்கான பதிலில் சொன்ன சோதனையில் உங்கள் ஊரில் எந்தச் சேவை வழங்குநரும் தேறவில்லையென்றால் வாங்குங்கள். அயலில் ஒரு சிம் நன்றாக வேலை செய்தால் அதுவே மலிவு.

சிறு கேள்விகள் சில

ரவுட்டரை நாள்தோறும் அணைத்துப் போட வேண்டுமா என்று பரந்தனிலிருந்து கேட்டிருக்கிறார்கள். தேவையில்லை. அணைத்துப் போட்டால் மட்டுமே வேகம் திரும்புகிறது என்றால் ரவுட்டர் சூடாகிறதா, அதன் மின்னிணைப்பி (அடப்டர்) பழுதாகிவிட்டதா என்று பாருங்கள். மாலையில் மின்னழுத்தம் குறையும் ஊர்களில், பழுதான மின்னிணைப்பியால் ரவுட்டர் தானே அணைந்து எழும்புவதும் உண்டு. புதிய மின்னிணைப்பி வாங்கும்போது வோல்ற்று அளவு பழையதோடு சரியாக ஒத்திருக்க வேண்டும், அம்பியர் அளவு பழையதைவிடக் குறையக் கூடாது.

தளத்தின் பெயரை அதன் எண்முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ். சேவையின் முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றினால் வேகம் கூடுமா? பக்கங்கள் திறக்கத் தொடங்கும் நேரம் சிறிது குறையலாம், இறக்க வேகம் கூடாது. வேகத்தைக் கூட்டும் என்று சொல்லும் கைபேசிச் செயலிகளை நிறுவ வேண்டாம். கோபுரத்திலிருந்து வராத வேகத்தை எந்தச் செயலியாலும் உண்டாக்க முடியாது. இடி மின்னல் நேரத்தில் ரவுட்டரின் மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, வெளி அன்டெனாக் கம்பி மூன்றையும் கழற்றி விடுங்கள்.

மல்லாவியிலிருந்து ஓர் இளைஞர்: எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். குறை எங்கள் பக்கத்தில் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் ஒவ்வொரு முறையும் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

தம்பி, 'மெதுவாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் அந்தப் பதில்தான் வரும். அளவுகளோடு பேசுங்கள். ரவுட்டரோடு கம்பியால் இணைத்து எடுத்த அளவுகளை நாள், நேரம், இறக்கம், ஏற்றம், பிங் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். அதோடு ஆர்.எஸ்.ஆர்.பி., எஸ்.ஐ.என்.ஆர். எண்களையும், ரவுட்டரின் உட்பக்கத்தில் காணப்படும் கோபுர அடையாள எண்ணையும் சேருங்கள். சிக்னல் நல்ல நிலையில் இருக்க இரவில் மட்டும் வேகம் விழுகிறது என்பதை அந்தத் தாள் காட்டினால், குறை அவர்களுடைய கோபுரத்தில் இருக்கிறது என்பதை மறுப்பது கடினம். அழைக்கும்போது முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொறியியல் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பின்னர் அதே விபரத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அதே கோபுரத்தைப் பயன்படுத்தும் அயலவர்களும் தங்கள் அளவுகளோடு தனித்தனியே முறையிட்டால், அது ஒரு வீட்டின் குறையாக அல்லாமல் கொள்ளளவுக் குறைபாடாகப் பதியப்படும். ஊர் அபிவிருத்திச் சங்கம் இதை முன்னின்று செய்யலாம்.

நியாயமான காலத்தில் பதில் வராவிட்டால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு அது. பாவனையாளர் முறைப்பாடுகளைக் கேட்பதும் அதன் கடமைகளில் ஒன்று. கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். உங்கள் முறைப்பாட்டு இலக்கம், நிறுவனம் அனுப்பிய பதில்கள், அளவுத் தாள், கடைசி மூன்று மாதப் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்து, மூலங்களை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தீர்வைக் கேட்கிறீர்கள் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். கோபுரத்தின் கொள்ளளவைக் கூட்ட வேண்டுமா, கட்டணத்தைக் குறைக்க வேண்டுமா, தண்டமின்றி ஒப்பந்தத்திலிருந்து விலக அனுமதிக்க வேண்டுமா என்று முதலிலேயே முடிவுசெய்து, அதைக் கடிதத்தின் முதற்பந்தியில் எழுதிவிடுங்கள்.